பதினேழு வெள்ளைக் குட்டிகள்

குடல்வால் அறுவைக்காகப் பன்னிரண்டு நாள் விடுப்பில் இருந்துவிட்டு நாற்றுக்கூடத்துக்குத் திரும்பிய அன்று, மச்சான் கதவருகிலேயே காத்திருந்தார். என் தோளைப் பிடித்து நேராக மூன்றாம் மேசைக்கு அழைத்துப் போனார். தையல் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது. மெதுவாகத்தான் நடக்க முடிந்தது.

"கண்ண மூடு மாப்ள."

"வயித்துல தையல் இருக்கு மச்சான். அதிர்ச்சி எதுவும் குடுத்துடாதீங்க."

"இது சந்தோஷ அதிர்ச்சி. மூடுன்னா மூடு."

மூடித் திறந்தேன். மேசை முழுக்கப் பன்னிரண்டு தட்டுகள். ஒவ்வொன்றிலும் ஐம்பது இலைகள், காம்பு புதையச் சாய்வாக, எல்லாம் ஒரே பக்கம் பார்த்து, பேருந்தில் இருக்கை பிடித்த பயணிகள் மாதிரி உட்கார்ந்திருந்தன. மேலே வளைத்துக் கட்டிய பிளாஸ்டிக் தாளில் நீர்த்துளி சரியான அளவுக்குப் பூத்திருந்தது. இருபது வருடம் இந்த வேலை செய்தவன்கூட இவ்வளவு நேர்த்தியாக நட்டிருக்க மாட்டான்.

அறுநூறு இலைகளுக்கும் வெள்ளை ஓரம் இருந்தது.

"தண்டெல்லாம் எங்க மச்சான்?"

"எந்தத் தண்டு?"

"தாய்ச்செடி. நாப்பது தொட்டி இருந்துச்சே."

"இலையெல்லாம் எடுத்தப்புறம் மொட்டத் தண்ட வச்சு என்ன பண்றது? உரக்குழியில போட்டாச்சு. தொட்டி எல்லாத்தயும் கழுவி அடுக்கிட்டேன். அங்க பாரு, கல்யாண வீட்டுப் பாத்திரம் மாதிரி பளபளன்னு."

நான் பக்கத்திலிருந்த கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தேன். தையல் வலிப்பதாக அவர் நினைத்துக்கொண்டார்.

மச்சான் என் அக்காவின் கணவர். ஒரு பெரிய கட்டடத்தில் இருபத்திரண்டு வருடம் லிஃப்ட் இயக்கினார். பழைய லிஃப்டைக் கழற்றிவிட்டுத் தானாக ஓடுவதை மாட்டியபோது அவரையும் சேர்த்து இறக்கிவிட்டார்கள். "இத்தன வருஷம் மேலயும் கீழயுமா போனேன், எங்கயும் போய்ச் சேரல" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஆனால் அதற்குப் பிறகு எட்டு மாதம் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது அவர் சிரித்ததாக அக்கா சொல்லவில்லை. ஐம்பத்து மூன்று வயதில் அவரை எவரும் எடுக்கவில்லை. நான்தான் முதலாளியம்மாவிடம் பேசி இங்கே கொண்டுவந்தேன். முதலாளியம்மா கண்டிப்பானவர், ஆனால் நியாயமானவர். ஒரு வேலையை முழுசாக ஒப்படைக்கிறேன், முடித்துக் காட்டினால் நிரந்தரம், இல்லாவிட்டால் ஆறாம் மாதத்தோடு சரி என்று மச்சானிடம் நேராகவே சொல்லியிருந்தார்.

அந்த வேலை இதுதான். புதிதாகத் திறக்கப்போகும் ஒரு கண் மருத்துவமனைக்கு முந்நூறு வெள்ளைக்கரைச் செடிகள். பெப்பரோமியா என்னும் அழகுச்செடியில் எத்தனையோ வகை உண்டு. மிளகுக் கொடிக்குத் தூரத்துச் சொந்தம். தடித்த இலையிலேயே தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், வேர் கொஞ்சம்தான், உள்ளங்கை அளவு தொட்டி போதும். நாங்கள் வளர்த்தவை இரண்டு. முழுதும் பச்சையாக இருப்பதைப் 'பச்சை' என்போம். இலை ஓரத்தில் வெள்ளை ஓடுவதை 'வெள்ளைக்கரை' என்போம். மங்கலான பார்வைக்கும் பளிச்சென்று தெரியும் என்பதால் மருத்துவமனைக்காரர்கள் வெள்ளைக்கரையைத்தான் கேட்டார்கள்.

மச்சானுக்கு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தவன் நான். எனக்கு அது ஒரு பழக்கம். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லாமல் இருக்க முடியாது. இலையை விரல்களுக்கிடையே லேசாக மடக்கிப் பாருங்கள், விறைப்பாக இருந்தால் தண்ணீர் வேண்டாம், துவண்டு மடிந்தால் ஊற்றலாம். வெட்டிய காம்பை உடனே மண்ணில் வைக்காதீர்கள், அரை நாள் காயவிட்டால் வெட்டுவாய் மூடிக்கொள்ளும், அழுகாது. தென்னைநார்த் தூளும் பெர்லைட் என்னும் வெள்ளைப் பொரிகல்லும் பாதிப்பாதி. பிழிந்தால் சொட்டக் கூடாது. ஒரு இலைக்கு ஒரு செடி. இலை எடுத்து முடித்த கிழட்டுத் தண்டைக் குழியில் வீசிவிடலாம். இத்தனையும் சொன்னேன். பச்சையை வைத்துக்கொண்டு சொன்னேன். வெள்ளைக்கரைக்கு இலை கூடாது, கணுவோடு தண்டைத்தான் வெட்ட வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. மறைக்கவில்லை. அந்த வேலை வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அது வந்தபோது நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தேன்.

மண் கலக்கும் பெண்ணைக் கலவையக்கா என்று கூப்பிடுவோம். அவரை அழைத்துக்கொண்டு பின்பக்கக் குழிக்குப் போனேன். நான் குனியக் கூடாது என்பதால் அவர்தான் முள்கரண்டியால் கிளறினார். தண்டுகளைப் போட்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது. குழியிலிருந்து ஆவி வந்தது.

"என்னத்தத் தேடுறோம்? ஆஸ்பத்திரியில வெட்டிப் போட்ட உன் குடல்வாலையா?"

"தண்டுக்கா. வெள்ளைக்கரைத் தண்டு."

"அய்யோ, அதையா போட்டுட்டாரு?" அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு வேகமாகக் கிளறினார். நீர் நிறைந்த தண்டுகள் அவை. சூட்டில் வெந்து, தொட்டால் விரலில் ஒட்டும் கூழாகியிருந்தன. ஓரளவு கெட்டியாக ஏழு துண்டு கிடைத்தது. கழுவி, வெட்டி, காயவைத்து நட்டேன். ஐந்தாம் நாள் ஏழும் கறுத்துவிட்டன.

மச்சானிடம் நான் வேலைக்குத் திரும்பிய அன்று மதியமே சொன்னேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், எப்போதும்போல விளக்கத்தில்தான் தொடங்கினேன்.

செடியின் நுனியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு வளர்முனை இருக்கிறது. அதற்குள், சட்டைக்குள் பனியன் போட்ட மாதிரி, அடுக்கடுக்காக உயிரணுக்கள். வெள்ளைக்கரையில் ஒரு அடுக்குக்குப் பச்சையம் செய்யத் தெரியாது. இலை விரியும்போது அந்த அடுக்கு ஓரத்துக்குப் போகிறது, பச்சை அடுக்கு நடுவில் நிற்கிறது. அதாவது வெள்ளைக்கரை என்பது ஒரு செடியே அல்ல. இரண்டு செடிகள் ஒரே உடம்பில் குடித்தனம் நடத்துகின்றன. தண்டின் கணுவில் தூங்கும் மொட்டில் இரண்டுமே இருக்கும். அதை நட்டால் இரண்டும் கைகோத்து எழுந்து வரும். இலைக்கு மொட்டு கிடையாது. காம்பு வெட்டுப்பட்ட இடத்தில் புதிதாக ஒரு மொட்டைக் கட்ட வேண்டும். அதைக் கட்டுவது ஒன்றிரண்டு அணுக்கள்தான், அவை ஏதாவது ஒரு அடுக்கைச் சேர்ந்தவை.

"ரெண்டு பேரு சேந்து பாடுற பாட்டு மச்சான் இது. இலையிலேருந்து ஒருத்தர்தான் வருவாரு."

மச்சான் ஒரு தட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப எந்த ஒருத்தர் வருவாரு?"

"பச்சை."

"எல்லாத்துலயுமா?"

"அநேகமா எல்லாத்துலயும்."

"அநேகமான்னா?"

"மச்சான்..."

"இல்ல, நீ ஒரு வார்த்த சொன்ன. அநேகமான்னு. முழுசா இல்லன்னு சொல்லலியே." அவர் ஒரு இலையை வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்தார். "அம்மாவுக்கு இவ்ளோ பெரிய வெள்ள இருக்கு. புள்ளைக்குக் கொஞ்சம்கூடவா வராது? எங்கப்பாவோட மூக்கு எனக்கு வந்திருக்கு, என் மூக்கு என் பொண்ணுக்கு வந்து அவ இன்னும் என்னத் திட்டிட்டு இருக்கா."

அதற்கும் என்னிடம் விளக்கம் இருந்தது. சொல்லவில்லை.

முதலாளியம்மாவிடம் இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். சொல்லிக் கொடுக்காதது என் தப்பு என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"யார் தப்புன்னு கேட்டு எனக்கு என்ன ஆகப்போகுது? தாய்ச்செடி இருக்கா?"

"இல்லம்மா."

"வெளிய கேட்டா கிடைக்குமா?"

"இந்த ரகம் கஷ்டம். கிடைச்சாலும் இனிமே நட்டு முந்நூறு ஆக்க முடியாது."

அவர் மச்சானைப் பார்த்தார். கோபமாக இல்லை. அதுதான் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. "சரி. வர்றது வரட்டும். வந்ததப் பாத்துட்டு அவங்களுக்குப் பதில் சொல்றேன். நானா எதையும் முன்னாடியே முடிவு பண்ணல."

பிறகு நாங்கள் செய்ததெல்லாம் காத்திருப்பதுதான். வளரும் செடியை அவசரப்படுத்த முடியாது, மண்ணுக்குள் நடப்பதைத் திருத்தவும் முடியாது. நான்காம் வாரம் ஒரு இலையை மெதுவாக இழுத்துப் பார்த்தேன். பிடித்து நிறுத்தியது. வேர் வந்துவிட்டது. இதற்குள் அந்த வேர்களுக்கு நடுவே ஓர் அணு தன் நிறத்தைத் தேர்ந்தெடுத்திருக்கும். ஒருவேளை நான் விடுப்பிலிருந்து திரும்பும் முன்பே தேர்ந்தெடுத்திருக்கும்.

மச்சான் அந்தத் தட்டுகளைப் பார்த்துக்கொண்ட விதத்தை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை. காலையில் தாளைத் தூக்கிக் காற்று விடுவார், பத்து நிமிடம் கழித்து மூடுவார். வெயில் ஏறினால் நிழல்வலையை இழுப்பார். இலைமேல் தூசி படிந்தால் ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைப்பார். "லிஃப்ட் பட்டனத் துடைக்கிற மாதிரியே துடைக்கிறாரு பாரு" என்று கலவையக்கா கிண்டல் செய்வார். "எந்த மாடி சார்?" என்று செடிகளிடம் கேட்பதுபோல நடித்தும் காட்டுவார்.

"எல்லாரும் வெள்ள மாடிதான் கேக்குறாங்கம்மா" என்பார் மச்சான்.

ஏழாம் வாரம் முளை வந்தது. இலைக் காம்பின் அடியிலிருந்து, கடுகளவில், சுருட்டிய இலைகளோடு. நாற்றுக்கூடத்தில் அதைக் குட்டி என்போம். முதல் தட்டு பச்சை. இரண்டாவது பச்சை. மூன்றாவது, நான்காவது எல்லாம் பச்சை, ஆரோக்கியமான, அப்பழுக்கில்லாத பச்சை. மச்சான் தினமும் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தார். "இது சின்னப் புள்ள. வளந்தா ஓரம் வெளுக்கும்" என்றார்.

பத்து நாள் கழித்து அவர் கத்திய சத்தம் கேட்டு மண்கூடத்திலிருந்து ஓடினேன்.

"மாப்ள! வெள்ள! வெள்ளடா!"

ஏழாம் தட்டின் மூலையில் ஒரு குட்டி. ஓரத்தில் மட்டும் இல்லை, முழுக்க முழுக்க வெள்ளை. பாலில் செய்தது போல. தண்டில் மட்டும் மெல்லிய இளஞ்சிவப்பு. இத்தனை வருடத்தில் நான் பார்த்தவற்றிலேயே அழகான செடி அதுதான்.

"பாத்தியா? அநேகமான்னு சொன்னியே, இதுதான் அந்த அநேகம்!" அவர் என் முதுகில் அடித்தார். "ஓரம் மட்டும் கேட்டாங்க, இது முழுசாவே குடுக்குது!"

அந்த வாரம் முடிவதற்குள் எண்ணிக்கை பதினேழு ஆனது. கலவையக்காகூடக் கிண்டலை விட்டுவிட்டுக் குனிந்து பார்த்தார். அன்று மாலை மச்சான் அக்காவுக்குப் போன் செய்து, செடி வெள்ளையாக வந்துவிட்டது, இனிமேல் கவலையில்லை என்று சொல்வதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். பதினேழு எங்கே, முந்நூறு எங்கே. அவருக்கும் கணக்குத் தெரியும். பதினேழு வளர்ந்தால் அதன் தண்டை வெட்டி நூறாக்கலாம், முதலாளியம்மா கொஞ்சம் அவகாசம் வாங்கித் தருவார் என்று மனதுக்குள் கோட்டை கட்டிவிட்டார்.

மறுநாள் அவரிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று இன்றும் சில நேரம் தோன்றுகிறது.

"மச்சான், பச்சைங்கிறது செடிக்கு நிறம் இல்ல. அதுதான் அடுப்பு. வெளிச்சத்தப் பிடிச்சு அதுலதான் சமைக்குது. இந்தப் பதினேழு கிட்டயும் அடுப்பே கிடையாது."

"உயிரோடதான இருக்கு? எப்படி வளருது?"

"தாய் இலை ஊட்டுது. அதோட நடுவுல பச்ச இருக்குல்ல. அது இருக்கிற வரைக்கும்."

"அப்புறம்?"

நான் தாய் இலையைக் காட்டினேன். அவர் இலையைப் பார்த்தார். பெப்பரோமியாவில் நட்ட இலை குட்டியை வளர்த்துவிட்டு, தன்னிடம் இருந்ததை எல்லாம் கொடுத்துவிட்டு, மஞ்சளாகிச் சுருங்கிவிடும். பச்சைக் குட்டிகளுக்கு அது பிரச்சினையே இல்லை. அதற்குள் அவை சொந்தமாகச் சமைக்கத் தொடங்கிவிடும்.

"அப்ப தாய் இலையச் சாக விடாமப் பாத்துக்குவோம்" என்றார் மச்சான்.

அன்று முதல் அவர் குட்டிகளை விட்டுவிட்டு அந்தப் பதினேழு இலைகளைப் பார்த்துக்கொண்டார். பதினேழையும் தனித்தனித் தொட்டிக்கு மாற்றினார். சூடு குறையாத இடமாகப் பார்த்து வைத்தார். என் பேச்சைக் கேட்டுத் தண்ணீரைக் குறைத்தார். யாரோ சொன்னார்கள் என்று இரண்டு தொட்டிக்குச் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றினார். வேர் சர்க்கரையை உறிஞ்சிச் செடியை வளர்க்காது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவற்றில் பூசணம் பிடித்தது. பதினைந்து ஆனது. ஒரு வெள்ளைக் குட்டியைப் பச்சைத் தண்டில் ஒட்டுப் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். எனக்கும் ஆசை வந்தது. பிளேடை நெருப்பில் காட்டி, இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நான்கு ஒட்டுப் போட்டோம். இந்தத் தண்டுகளில் பாதிக்கு மேல் தண்ணீர்தான், சேருவதற்கு முன் வழுக்கிவிடும். ஒன்றும் பிடிக்கவில்லை. பதினொன்று.

பிறகு இலைகள் மஞ்சளாகத் தொடங்கின. ஒவ்வொரு நாளும் ஒன்று. மச்சான் ஒரு இலையை இரு விரலால் மடக்கிப் பார்ப்பார். துவண்டு மடியும். தண்ணீர் ஊற்றினாலும் நிமிராது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் மடக்கிப் பார்ப்பார். தாய் இலை விழுந்த மூன்றாம் நாள் குட்டியின் ஓரம் பழுப்பாகும், ஆறாம் நாள் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும், அதற்கடுத்த நாள் படுத்துவிடும்.

கடைசி ஒன்று மிச்சமிருந்தபோது அவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"இதுக்கு என்ன பண்ணணும், சொல்லு."

நான் தொட்டியை வாங்கினேன். இலையைத் திருப்பிப் பார்த்தேன், மண்ணைத் தொட்டுப் பார்த்தேன், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அது ஏன் சாகிறது என்று அணுவணுவாக எனக்குத் தெரியும். அவர் கேட்டது அதை அல்ல.

"ஒண்ணும் இல்லயா?" என்றார்.

"ஒண்ணும் இல்ல மச்சான்."

அவர் தொட்டியை வாங்கிக்கொண்டு போய் அதே இடத்தில், அதே பக்கம் பார்த்து வைத்தார்.

திங்கட்கிழமை முதலாளியம்மா மூன்றாம் மேசைக்கு வந்தார். ஐந்நூற்று இருபது பச்சைச் செடிகள் தொட்டி நிறைந்து நின்றன. ஒன்றில்கூடப் பூச்சி இல்லை, அழுகல் இல்லை. அவர் ஒன்றைத் தூக்கி வேரைப் பார்த்தார்.

"இவ்ளோ நல்ல பயிர இந்தக் கூடத்துல நான் பாத்ததில்ல" என்றார். "இதையே கொண்டுபோய்க் காட்டினேன். ஆஸ்பத்திரிக்காரங்க வேணாம்னுட்டாங்க. வேற எடத்துல வாங்கிட்டாங்க." செடியைத் திரும்ப வைத்தார். "சொன்ன வார்த்தைய மாத்துனா, நாளைக்கு இங்க யாருகிட்டயும் நான் வார்த்த சொல்ல முடியாது. எனக்கும் வேற வழி தெரியல."

மச்சான் தலையாட்டினார். "சரிம்மா. இதுங்களுக்கு இந்த வாரம் தண்ணி வேணாம். ஈரமாத்தான் இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

மதியம் அக்கா எனக்குப் போன் செய்தாள்.

"ஏன்டா, அவரு எதையோ மறைக்கிறாரு. பத்து நாளா வாயத் தொறந்து பேசல. காலையில செருப்ப மாத்திப் போட்டுட்டுக் கிளம்பினாரு. வெள்ளையா வந்துச்சுன்னு சொன்னாரே, அப்புறம் என்னாச்சு?"

நான் சொன்னேன். அடுக்குகளைப் பற்றிச் சொன்னேன். கணுவில் இரண்டு பேரும் இருப்பார்கள், இலையில் ஒருவர்தான் வருவார் என்றேன். பச்சையம் என்பது அடுப்பு மாதிரி என்றேன். வெள்ளையாக வருவது ஏன் அபூர்வம், வந்தாலும் ஏன் நிற்காது, நான் அவரிடம் எதைச் சொல்ல மறந்தேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். எதிர்முனையில் ஒரு குழாய் திறக்கப்பட்டு, பின் மூடப்பட்டது.

"அதெல்லாம் சரி," என்றாள் கடைசியில். "நாளைக்கு அவருக்குச் சாப்பாடு கட்டணுமா, வேணாமா? அத மட்டும் சொல்லு."

"சனிக்கிழம வரைக்கும் வரச் சொல்லியிருக்காங்கக்கா."

"அப்ப அஞ்சு நாள்" என்றாள். போனை வைக்காமலே குழாயை மறுபடி திறந்தாள்.